மரம் நட்டாச்சு... ஆறு என்னாச்சு?

ஜூன் 5 வந்தால் போதும், நம் போனில் போட்டோக்கள் வரிசைகட்டும். ஒரே கலர் டீ-ஷர்ட்டில் பத்துப் பேர், கையில் மரக்கன்று, பின்னால் கம்பெனி பேனர். நல்ல விஷயம்தான். ஆனால், அந்த கம்பெனியின் கழிவுநீர்க் குழாயை யாரும் போட்டோ எடுத்துப் போடுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி... இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். இதைத்தான் சி.எஸ்.ஆர் என்கிறோம். 2014 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. தன் ஆலைக் கழிவைத் தானே சுத்திகரிப்பது சி.எஸ்.ஆர் கணக்கில் வராது. அது வேறு சட்டங்களின்படி செய்தே ஆகவேண்டிய கடமை. அதாவது, 2 சதவிகிதத்தில் மரம் நட்டுவிட்டதால், மொத்த லாபமும் எப்படி வந்தது என்ற கேள்வி தீர்ந்துவிடாது.

இதற்கு நம் திருப்பூரே சாட்சி. பனியன் ஏற்றுமதி வளர வளர, நொய்யல் ஆறு சாயம் பூசிக்கொண்டது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. 'தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள்' என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில், சுமார் 700 சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். வேலை போனதும், ஊர் திரும்பியதும் தொழிலாளர்கள்தான்.

அதற்குப் பிறகு திருப்பூர் மாறியது. சாயக்கழிவை வடிகட்டி, பெரும்பகுதி நீரை மீட்டுத் திரும்பவும் சாயமேற்றப் பயன்படுத்துகிறார்கள். மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பையும் பிரித்தெடுக்கிறார்கள். ஆற்றில் ஒரு சொட்டும் விடக் கூடாது என்பதுதான் விதி. இதற்கு மின்சாரம், விறகு, ஆட்கள் எனச் செலவு அதிகம். இந்தச் செலவே செய்யாத ஊரில் சாயமேற்றிய துணி, கடையில் விலை குறைவாகத்தான் இருக்கும். வாங்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது.

சரி, நாம் என்ன செய்ய முடியும்? சி.எஸ்.ஆர் வரம்புக்குள் வரும் நிறுவனம், அதற்கான திட்டங்களைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. போன் நம் கையில்தானே இருக்கிறது, தேடிப் படியுங்கள். எத்தனை மரம் நட்டார்கள் என்று பார்த்த கையோடு, 'உங்கள் ஆலைத் தண்ணீர் எங்கே போகிறது?' என்று கமென்ட்டில் ஒரு வரி கேளுங்கள். நேர்மையாகச் செலவு செய்யும் கம்பெனிக்கு, அந்தக் கேள்வி ஒரு நல்ல விளம்பரம்!