பூட்ஸ் வாங்கும் முன் இருபது நிமிடம்



பள்ளிக் காற்பந்துப் போட்டிகள் நெருங்கிவிட்டால் எங்கள் வானொலி நிலைய வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரே மாதிரியான குரல் பதிவுகள் வரத் தொடங்கிவிடும். "தம்பி, பையன் ஸ்கூல் டீமில் சேர்ந்துவிட்டான். நல்ல பூட்ஸ் எதுவென்று சொல்லுங்கள். விலையைப் பற்றிப் பரவாயில்லை."

பெற்றோரின் ஆசை புரிகிறது. ஆனால், விலைக்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். பையன் எந்தத் தரையில் ஆடுகிறான்? புல் திடலா, செயற்கைப் புல்லா, ஃபுட்சால் அரங்கா? பல வீடுகளில் இதற்குப் பதில் இருக்காது. காலணியின் நிறம் தெரியும், அதை அணியும் வீரரின் பெயர் தெரியும். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் ஒலிப்பதிவாளர் ஒருவருக்கு வயது 36. வேலை முடிந்ததும் கிராப் ஓட்டுவார். வாரத்தில் ஒரு நாள் நண்பர்களோடு செயற்கைப் புல்லில் ஆட்டம். சென்ற ஆண்டு ஓர் இரவு, பக்கத்தில் யாருமே இல்லாதபோது, பந்தோடு திரும்பினார். கால் தரையிலேயே நின்றுகொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. வலது முழங்காலில் ஏசிஎல் தசைநார் அறுந்துபோனது. பிரேக் மிதிக்கும் கால் அது. மாலை வருமானம் அன்றோடு நின்றது. வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் டியூஷன் கட்டணத்தையும் அண்ணியார் ஒருவரே சமாளித்தார். இந்தக் காயத்துக்கு அறுவை சிகிச்சை செய்தால், மறுபடி திடலில் இறங்க ஒன்பது மாதமாவது ஆகும்.

இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஏசிஎல் காயங்களில் பெரும்பாலானவை இப்படித்தான், யாரும் வந்து மோதாமலே நடக்கின்றன. திரும்பும்போது, சட்டென்று நிற்கும்போது, குதித்துத் தரையில் இறங்கும்போது நடக்கின்றன. அப்படியென்றால் நம் கையில் இருக்கும் விஷயங்களும் நிறைய உண்டு.

அடியைத் திருப்பிப் பாருங்கள்

பூட்ஸின் பெட்டியிலோ அடிப்பாகத்திலோ இரண்டு எழுத்து இருக்கும். எஃப்ஜி என்றால் இயற்கைப் புல் திடலுக்கு. ஸ்டட்கள் நீளமாக, மண்ணில் இறங்கிப் பிடிக்கும்படி இருக்கும். ஏஜி என்பது செயற்கைப் புல்லுக்கு. ஸ்டட்கள் குட்டையாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும். டிஎஃப் என்றால் சிறு சிறு ரப்பர் குமிழ்கள் நிறைந்த அடி. குட்டையான செயற்கைப் புல்லுக்கும் காய்ந்து இறுகிய மண் திடலுக்கும் இது பொருந்தும். ஐசி அல்லது ஐஎன் என்றால் ஸ்டட்டே இல்லாத தட்டை ரப்பர். ஃபுட்சால் அரங்குக்கு இதுதான்.

எஃப்ஜி பூட்ஸைச் செயற்கைப் புல்லில் போட்டால் ஸ்டட் அளவுக்கு மீறிப் பிடித்துக்கொள்ளக்கூடும். பாதம் சுழலாதபோது அந்தத் திருகல் முழுவதும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போகிறது. ஆகவே, எல்லா இடத்துக்கும் ஒரே விலையுயர்ந்த ஜோடி என்பதைவிட, தரைக்கு ஏற்ற சாதாரண ஜோடி மேல்.

அளவு விஷயத்தில் நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. "வளருகிற பிள்ளைதானே" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவோம். பள்ளிக் காலணிக்கு அது சரிவரலாம். பூட்ஸுக்குச் சரிவராது. குதிகால் உள்ளே ஆடும், கொப்புளம் வரும், கணுக்கால் மடங்கும். சாயங்கால நேரத்தில், பாதம் சற்றுப் பருத்திருக்கும்போது, ஆட்டத்துக்குப் போடும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரலின் அரை அகலம் இடம் இருந்தால் போதும். அண்ணன் போட்ட பூட்ஸைத் தம்பிக்குக் கொடுப்பதில் தவறில்லை. ஸ்டட் தேயாமலும் குதிகால் பகுதி நெளியாமலும் இருக்க வேண்டும்.

மிச்சமாகும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது ஷின் கார்டு. ஆட்ட விதிகளின் நான்காம் விதி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. காலுறை அதை முழுதாக மூடியிருக்க வேண்டும். அதே விதி நகைகளையும் தடை செய்கிறது. தோடு, சங்கிலி, மோதிரம் எதுவும் கூடாது. மேலே டேப் ஒட்டி மறைத்தாலும் நடுவர் அனுமதிக்க மாட்டார். கையில் கோயில் கயிறு கட்டியிருக்கும் பிள்ளையிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். திடலில் நின்று கண்ணைக் கசக்க வேண்டாம்.

பந்தும் வயதுக்கு ஏற்றதாக இருக்கட்டும். எட்டு வயதுக்குக் கீழே 3ஆம் எண், 8 முதல் 12 வரை 4ஆம் எண், அதற்கு மேல் 5ஆம் எண். 5ஆம் எண் பந்தின் எடை 410 முதல் 450 கிராம். ஏழு வயதுப் பிள்ளை அதை ஓங்கி உதைத்துப் பழக வேண்டிய அவசியமில்லை.

இருபது நிமிடம்

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஃபீஃபாவின் மருத்துவக் குழு உருவாக்கிய '11+' என்ற உடற்சூடு பயிற்சித் திட்டம் ஒன்று இருக்கிறது. பைசா செலவில்லை. மொத்தம் 15 பயிற்சிகள், ஏறக்குறைய 20 நிமிடம். முதல் 8 நிமிடம் மெதுவோட்டத்தோடு அசைவுகள். அடுத்த 10 நிமிடம் வயிறு, இடுப்பு, தொடைக்கான வலுப்பயிற்சியும் ஒற்றைக்கால் சமநிலையும் குதித்தலும். கடைசி 2 நிமிடம் வேகமான ஓட்டமும் திசைமாற்றமும்.

இதை நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 பெண் ஆட்டக்காரர்களிடம் சோதித்தார்கள். 2008இல் முடிவு வெளிவந்தது. இந்தப் பயிற்சியைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. கடுமையான காயங்கள் பாதிக்குப் பக்கமாகக் குறைவு. காற்பந்து ஆடும் மகள் வீட்டில் இருந்தால் இதை இருமுறை படியுங்கள். ஏசிஎல் காயம் பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நேர்கிறது. சிறுவர் சிறுமியருக்கென்று தனியாக '11+ கிட்ஸ்' திட்டமும் உண்டு.

"ஒரு மணி நேரத்துக்குத்தான் கோர்ட் புக் செய்கிறோம், அதில் இருபது நிமிடம் போனால் எப்படி?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜாலான் நெரிசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வந்து, காரிலிருந்து இறங்கிய கையோடு முழு வேகத்தில் ஓடுகிறோம். கோர்ட்டுக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில், எட்டரைக்குக் கூடினால் ஒன்பது மணி ஆட்டத்துக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. முப்பது வயதைத் தாண்டியவர்கள் 'நார்டிக்' பயிற்சியை விடாமல் செய்யுங்கள். முட்டி போட்டு நிற்க, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னே சாய வேண்டும். பின்தொடைத் தசைக் காயங்களை ஏறக்குறைய பாதியாக இது குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். முதல் வாரம் இரண்டு மூன்று முறை போதும். மறுநாள் படி இறங்கும்போது ஏன் என்று தெரியும்!

சுவர் ஒரு நல்ல கோச்

திறன் பயிற்சிக்கு அகாடமிதான் வேண்டும் என்பதில்லை. ஒரு சுவரும் பத்து நிமிடமும் போதும். வலது காலால் அடித்து, இடது காலால் நிறுத்தி, மறுபடி மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். பந்து காலுக்கு வரும் முன் ஒருமுறை தோளுக்குப் பின்னால் பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்துவிடுங்கள். சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்று அறிந்த பிள்ளை மோதலையும் தவிர்க்கிறது.

கூடவே, குதித்து இறங்கப் பழக்குங்கள். இரண்டு முட்டியும் மடங்க வேண்டும், உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். கைப்பேசியில் முன்பக்கமிருந்து படம் பிடித்துக் காட்டினால் பிள்ளைகளே திருத்திக்கொள்வார்கள். தலையால் முட்டும் பயிற்சிக்கு அவசரமில்லை. இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது வேண்டாம் என்று 2020இல் அறிவுறுத்தியது.

"சோம்பேறித்தனம்" என்று சொல்லாதீர்கள்

8 முதல் 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளை, பயிற்சி முடிந்ததும் குதிகால் வலிக்கிறது என்றால், அல்லது முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்றால், நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். எலும்பு வளரும் இடத்தைத் தசைநார் இழுப்பதால் வரும் வலியாக இருக்கலாம். ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் தணியும். தணியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள். பள்ளி அணி, அகாடமி, வார இறுதிப் போட்டி எல்லாம் சேர்த்து வாரத்தில் எத்தனை மணி நேரம்? பிள்ளையின் வயது எத்தனையோ, அத்தனை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் தரும் எளிய அளவுகோல். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும்.

அடிபட்டால்

கணுக்கால் மடங்கினால் நம் வீட்டில் முதலில் வருவது தைலம், அடுத்து அழுத்தி உருவிவிடும் பாட்டி. பாட்டியின் அன்புக்கு நன்றி சொல்லி, முதல் இரண்டு மூன்று நாள் காத்திருக்கச் சொல்லுங்கள். புதுக் காயத்தை உருவினாலும் சூடு வைத்தாலும் வீக்கம் கூடும். ஆட்டத்தை நிறுத்தி, கட்டுத்துணியால் இதமாகச் சுற்றி, காலை உயர்த்தி வைக்கவும். வலிக்கு, துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பின் மேல் தொட்டால் உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே அவசியம். முழங்கால் சில மணி நேரத்துக்குள் வீங்கினாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

தலையில் அடிபட்டுத் தலைசுற்றலோ குழப்பமோ இருந்தால் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. கோச் கேட்டாலும், பிள்ளை அழுதாலும் சரி. இடி கேட்டால் திடலைவிட்டு வெளியேறுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். நம் ஊர் மாலை மழையில் இந்த விதியைப் பலமுறை பயன்படுத்த வேண்டியிருக்கும்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பூட்ஸை எடுத்து அடிப்பாகத்தில் உள்ள எழுத்தைப் படியுங்கள். பிள்ளை ஆடும் தரைக்கு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு அணியின் கோச்சிடம் '11+' பற்றி மரியாதையோடு கேளுங்கள். தெரியாது என்றால் காணொளியைத் தேடிக் காட்டுங்கள், முதல் நாள் நீங்களும் வரிசையில் நின்று செய்யுங்கள். அப்பா ஒற்றைக்காலில் தடுமாறுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.