பழைய பாங்கி கடனுக்கு சம்மனா? சும்மா இருந்தால் ஆபத்து!

சென்னை.

தீர்ந்து போச்சு என்று நினைத்த பழைய பாங்கி கடன். திடீரென்று வாசலில் கோர்ட்டு சம்மன்! பயந்துபோய் வாங்க மறுத்தால்? கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். ஆள் வராவிட்டால் ‘எக்ஸ்பார்ட்டி’ தீர்ப்பு. அப்புறம் சம்பளத்திலேயே கை வைக்கலாம்!

3 வருட கெடு

ஈடு இல்லாத கடனில் தவணை தவறினால், 3 வருடத்துக்குள் பாங்கி வழக்கு போடவேண்டும். இது 1963-ம் வருட காலவரம்பு சட்டம். ஆனால் கெடுவுக்குள் நூறு ரூபாய் கட்டி சலானில் கையெழுத்து போட்டிருந்தாலும், ‘பாக்கி உண்டு’ என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், அன்று முதல் மறுபடியும் 3 வருடம். கெடு தாண்டிய பிறகு ‘கட்டிவிடுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்து போட்டாலும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அது புது ஒப்பந்தம் ஆகிவிடும்!

பதில் மனு

20 லட்சத்துக்குக் குறைந்த கடன் வழக்கு சிவில் கோர்ட்டுக்கு வரும். சம்மன் கிடைத்த 30 நாளில் பதில் மனு போடவேண்டும். கோர்ட்டு அனுமதித்தால் 90 நாள் வரை. ‘வாங்கவே இல்லை’, ‘கட்டியாச்சு’, ‘கெடு போச்சு’ - எதுவானாலும் அதில் சொல்லவேண்டும். ரசீது இருந்தால் சேர்க்கவேண்டும்.

வெறும் கணக்குப் புத்தகத்தை மட்டும் காட்டி ஒருவர் தலையில் கடனைக் கட்ட முடியாது என்கிறது சாட்சிய சட்டம். ஆனால் அதை எடுத்துச் சொல்ல கோர்ட்டில் ஆள் வேண்டுமே!