பொம்மையும் வண்டியும்

நவராத்திரி வந்துவிட்டால் கொலுப் படிகளைப் பற்றி விவாதம் எழுவதில்லை. படிகளுக்குக் கீழே தரையில் அமைக்கும் 'பார்க்'கைப் பற்றித்தான் வீட்டுக்கு வீடு சர்ச்சை நடக்கிறது. கோட்டக்குப்பத்தில் என் தமக்கை வீட்டில் நடந்த சர்ச்சை ஒன்றை நேயர்களுக்குச் சொல்கிறேன்.

தமக்கையின் பேத்தி, புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை மணலால் அமைத்திருந்தாள். சாலையில் மூன்று அங்குலக் கார் ஒன்று, ஆறு அங்குல பஸ் ஒன்று. ஓரத்தில் பாட்டி புக்ககம் வரும்போது கொண்டுவந்த, கடலூர் வண்டிப்பாளையத்து மண் பொம்மைகள். ஒவ்வொன்றும் நான்கு அங்குல உயரம். பார்க்க வந்த வாலிபர் ஒருவர், "போலீஸ்காரர் காரைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார் போலிருக்கிறதே!" என்று நகைத்தார். குழந்தையின் முகம் வாடிற்று. பழைய பொம்மைகளைப் பரணில் ஏற்றிவிடலாம் என்றார் அவள் தகப்பனார். பாட்டி வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாயிருந்தது.

குற்றம் பொம்மையினுடையதும் அன்று, வண்டியினுடையதும் அன்று. ஐந்தரை அடி மனிதர் நான்கு அங்குலமானால், பதின்மூன்று அடிக் கார் ஒன்பதரை அங்குலம் இருக்க வேண்டும். முப்பது அடி பஸ் ஏறக்குறைய இரண்டடி! மூன்று அங்குலக் காருக்கு ஏற்ற மனிதரோ ஒன்றேகால் அங்குலந்தான்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-ல் பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு யுத்தம் நடத்தும் விளையாட்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இன்று அவ்வகை விளையாட்டில் ஈடுபடுவோரும் இதே வழக்கைத்தான் பேசுகிறார்கள். சிப்பாயை 28 மில்லிமீட்டர் என்று உயரத்தால் சொல்கிறார்கள். வண்டியை 56-ல் ஒரு பங்கு, 72-ல் ஒரு பங்கு என்று விகிதத்தால் சொல்கிறார்கள். சிப்பாயின் உயரத்தையும் சிலர் உச்சந்தலை வரை அளக்கிறார்கள், சிலர் கண் வரை. இரண்டு மொழி பேசுகிறவர்களுக்குள் சம்பந்தம் எப்படிப் பொருந்தும்? போதாக்குறைக்கு, 1953-ல் இங்கிலாந்தில் தோன்றிய 'மேட்ச்பாக்ஸ்' வண்டிகளில் பல, அட்டைப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்றே அளவெடுக்கப்பட்டன. ஆகவே லாரியும் காரும் ஏறக்குறைய ஒரே நீளமாகிவிட்டன.

அளவுகோல் இல்லாதவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. காரின் அருகில் நின்றால் மனிதருடைய தலை கூரைக்குச் சற்று மேலே தெரிய வேண்டும். பஸ்ஸின் அருகில் நின்றால் அதன் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல் வர வேண்டும். இது பொருந்தினால் கண் சமாதானம் அடைந்துவிடும்.

அளவு மாறுவதெல்லாம் பிழை என்றும் சொல்வதற்கில்லை. அதே சாலையில் வடக்கே போனால் வரும் மாமல்லபுரத்தின் பெரும் பாறைச் சிற்பத்தில், தவம் செய்பவனைவிடச் சிவபெருமான் எவ்வளவோ பெரியவர். சிற்பி கணக்குத் தெரியாதவனா? அங்கே உருவத்தின் அளவு பெருமையைக் காட்டுகிறது. சாலைக் காட்சியிலோ தூரத்தைக் காட்ட வேண்டும்.

இதைக் குழந்தையிடம் சொன்னேன். அவள் உடனே பாட்டியின் பொம்மைகளை முன்னால் நிறுத்தினாள். சாலையைப் பின்னால் போகப் போகக் குறுக்கி, வண்டிகளைக் கோடியில் வைத்தாள். "ஆனால் அங்கே நிற்க ஆள் இல்லையே, தாத்தா!" என்றாள்.

அதுவரையில் பேசாதிருந்த பாட்டி எழுந்து சென்று, ஒரு பிடி களிமண்ணைப் பிசைந்து கொண்டுவந்தாள். அன்று மாலைக்குள் ஓர் அங்குல மனிதர்கள் பன்னிருவர் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள்.