வாயில் செல் எடுத்துச் செய்யும் பரிசோதனை: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள புண்ணிலோ படலத்திலோ பிரஷ்ஷால் தேய்த்துச் செல் எடுத்துப் பார்ப்பது, சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்கு ஒருபோதும் ஈடாகாது. பல் மருத்துவர்களான நாங்கள் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘நெகட்டிவ்’ என்ற சீட்டை நம்பி மாதக்கணக்கில் இருந்துவிட்டு, நோய் முற்றியபின் வருகிறவர்களைப் பார்க்கிறோம்.

இந்தப் பரிசோதனையில் கைப்பக்குவம் முக்கியம். விறைப்பான சிறு பிரஷ்ஷைப் படலத்தின் மேல் அழுத்திச் சுழற்ற வேண்டும். ஊசிமுனை அளவுக்காவது ரத்தம் கசிந்தால்தான் அது அடியடுக்குவரை போயிருக்கிறது என்று அர்த்தம். ஸ்லைடில் பரப்பிய கையோடு 95 சதவீத ஆல்கஹாலில் போட்டுவிட வேண்டும். காற்றில் காய்ந்தால் செல்கள் உருமாறி, பார்ப்பவரைக் குழப்பும். எல்லாம் சரியாக அமைந்தாலும் கிடைப்பவை உதிரிச் செல்களே. அவை அடித்தளச் சவ்வைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டனவா என்பதைத் திசுத் துண்டுதான் காட்டும். பாக்கு போடுகிறவர்களுக்கு வாய் திறக்க முடியாதபடி இறுகிப்போகும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸில் முக்கியமான மாற்றம் நடப்பதே மேல்தோலுக்குக் கீழே. அங்கே பிரஷ் எட்டாது.

பயன் இல்லாத பரிசோதனை என்று நாங்கள் சொல்லவில்லை. காண்டிடா பூஞ்சையைச் சுரண்டி எடுத்த செல்களிலேயே கண்டுவிடலாம். பெம்ஃபிகஸ் கொப்புளத்தில் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து உருண்ட செல்கள் தெரிந்தால், பயாப்சி முடிவு வருமுன்பே மருத்துவர் உஷாராகிவிடலாம்.

“கத்தி பட்டால் பரவிடும் டாக்டர், வேண்டாம்” என்று மறுப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். பயாப்சியால் புற்றுநோய் பரவிவிடாது என்று பொறுமையாக விளக்குவது எங்கள் கடமை. அப்படியும் சம்மதிக்காதவருக்குச் செல் பரிசோதனையாவது செய்யுங்கள். மாற்றம் தெரிந்தால் அதைக் காட்டிப் பயாப்சிக்கு இணங்கவைக்கலாம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. முடிவு நெகட்டிவாக இருந்தாலும் அவரைத் தொடர்ந்து வரவழைத்துப் பார்க்க வேண்டும். காரணத்தை நீக்கிய பிறகும் 2 வாரத்தில் ஆறாத புண்ணுக்குப் பயாப்சியை வலியுறுத்தியே ஆக வேண்டும்.

பிரஷ் இல்லை என்பதற்காக வாயைப் பார்க்காமல் அனுப்புவதையும் ஏற்க மாட்டோம். திருவனந்தபுரம் பகுதியில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வெறும் கண்ணால் வாயைப் பார்த்தே சந்தேகத்துக்குரியவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்தை விலக்கி, டார்ச் அடித்துப் பார்க்கும் அந்த வேலையை ஆரம்ப சுகாதார நிலையங்கள் அன்றாட வழக்கமாக்க வேண்டும்.

ஆய்வகங்களுக்கு எங்கள் கோரிக்கை: ‘நெகட்டிவ்’ என்று ஒற்றைச் சொல்லில் அறிக்கை தராதீர்கள். போதுமான செல்கள் கிடைத்தனவா, அடியடுக்குச் செல்கள் இருந்தனவா என்று எழுதுங்கள். புண் ஆறாவிட்டால் பயாப்சி அவசியம் என்ற வரியை ஒவ்வொரு அறிக்கையிலும் தமிழில் அச்சிடுங்கள்.