வெள்ளைக்காரன் காசில் பெருமாள்: புல்லரிக்க என்ன இருக்கிறது?

வாட்ஸப்பில் அடிக்கடி சுற்றும் படம். ஒரு பக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவே கோபுரம், மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் பெருமாள். கிழக்கிந்தியக் கம்பெனி 1807-08 வாக்கில் சென்னையில் அடித்த அரை வராகன் வெள்ளிக்காசு அது. கூடவே ஒரு வரி: "வெள்ளைக்காரனே நம்ம சாமியை மதிச்சான் பாருங்க!" மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கம் வந்தால் இன்னொரு வரியும் ஒட்டிக்கொள்ளும்: "அது நம்ம கபாலி கோவில் கோபுரம்!"

கோபுரத்தை முதலில் முடித்துவிடுவோம். கபாலீஸ்வரர் கோவிலின் இன்றைய கிழக்கு ராஜகோபுரம் 1906-ல் கட்டியது. காசு அதைவிட ஏறக்குறைய நூறு வயது மூத்தது! எந்தக் கோவில் என்று காசில் ஓர் எழுத்து கூட இல்லை. தவிர, கபாலி கோபுரத்தைப் போட்டுவிட்டு மறுபக்கம் பெருமாளையா வைப்பார்கள்?

சரி, மரியாதை விஷயத்துக்கு வருவோம். சுமார் 21 கிராம் எடையுள்ள இந்தக் காசில் மதிப்பு ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு மொழிகளில் இருக்கிறது. ஜனங்கள் காலங்காலமாகப் பழகியது சாமி உருவம் போட்ட தங்க வராகன். புது வெள்ளிக்காசு கடைத்தெருவில் செல்ல வேண்டுமென்றால் அதே முகம் வேண்டும். இதற்குப் பெயர் பக்தியா? டிரேட்மார்க்!

நம்பிக்கை வரவில்லையா? இதே கம்பெனி சென்னையில் ஆர்க்காடு ரூபாயும் அடித்தது. அதில் இருப்பது 1759-ல் கொலையுண்ட முகலாய பாதுஷா இரண்டாம் ஆலம்கீரின் பெயர். 19-ம் நூற்றாண்டிலும் அதே பெயர், அதே பழைய ஹிஜ்ரி 1172. செத்துப்போன பாதுஷா மேல் கம்பெனிக்கு என்ன பாசம்?

இன்னொன்று. அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்று சிப்பாய்களுக்கு உத்தரவு போட்டு, 1806 ஜூலையில் வேலூரில் புரட்சி வெடிக்க வைத்ததும் இதே கம்பெனிதான். சிப்பாய் நெற்றியில் நாமம் கூடாது. அடுத்த ஓரிரு வருடத்தில் காசில் மட்டும் பெருமாள் வரலாம்!

1818-ல் வராகன் கணக்கை மூட்டை கட்டி ரூபாய்க்கு மாறினார்கள். 1835-ல் கம்பெனி ஆட்சி முழுக்க ஒரே ரூபாய் வந்தது. கோபுரமும் இல்லை, பாதுஷாவும் இல்லை. வில்லியம் மன்னரின் தலைதான். மதராஸ் ரூபாயின் 180 கிரெய்ன் எடை மட்டும் தங்கியது. நம் தயவு தேவைப்படாத நாளில் சாமிக்கும் வேலை போய்விட்டது.

பெருமைப்பட ஆள் வேண்டுமா? காசைச் சுண்டிப் பார்த்து வாங்கிய சராப்புகளும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். துப்பாக்கி வைத்திருந்த கம்பெனியை நான்கு மொழியில் பேச வைத்தவர்கள் அவர்கள்தான்.