நின்டெண்டோ ‘வேண்டாம்’ சொன்ன மரியோ: ஒரு ஃப்ளாப்பியில் தப்பியது எப்படி?

கெலமங்கலத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு ஷிஃப்ட் போகிறவர்களுக்கு ‘சாம்பிள் பீஸ்’ பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆர்டர் கிடைப்பதற்கு முன் செய்து காட்டும் உதிரிபாகம். ஓகே ஆனால் உற்பத்தி, இல்லைன்னா ஸ்கிராப். வீடியோ கேம் தொழிலிலும் இதே கதைதான். அங்கே அதற்குப் பெயர் புரோட்டோடைப்.

அப்படி ஸ்கிராப்புக்குப் போக வேண்டிய ஒரு சாம்பிள், அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் உள்ள ‘தி ஸ்ட்ராங்’ விளையாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1990-ல் உருவான ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3’ கேமின் பிசி வடிவம் அது. கடைக்கே வராத மரியோ.

செய்தது யார்?

ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபில் சார் அந்தப் பக்கம் திரும்பியதும் ‘டேவ்’ ஆடியவர்களுக்கு இவர்களைத் தெரியும், பெயர்தான் தெரியாது. கோப்பையை எடுத்துக்கொண்டு கதவுக்கு ஓடும் அந்தச் சிவப்புத் தொப்பிக்காரனை உருவாக்கியவர் ஜான் ரொமேரோ. லூசியானாவில் ‘சாஃப்ட்டிஸ்க்’ என்ற நிறுவனத்தில் அவரோடு ஜான் கார்மக், டாம் ஹால் ஆகியோர் வேலை பார்த்தார்கள்.

நின்டெண்டோ பெட்டியில் மரியோ ஓட ஓட, பின்னணியும் சீராக நகரும். அதற்கென்றே அதில் சிப் உண்டு. அன்றைய பிசியில் அது கிடையாது. ஒவ்வொரு அசைவுக்கும் முழுத் திரையையும் வரையப் போனால் கேம் திணறிடும். கார்மக் வேறு மாதிரி யோசித்தார்: பக்கத்துக் கட்டத்திலும் அதே நீல வானம்தான் என்றால் அதை எதுக்குத் திரும்ப வரையணும்? மாறிய கட்டங்களை மட்டும் வரைந்தால் போதும்.

1990 செப்டம்பரில் ஒரே ராத்திரியில், மரியோ இருக்க வேண்டிய இடத்தில் டேவை ஓடவிட்டு, கார்மக்கும் ஹாலும் முதல் கட்டத்தை அப்படியே பிசியில் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு வைத்த பெயர், ‘காப்புரிமை மீறலில் டேஞ்சரஸ் டேவ்’ என்ற அர்த்தத்தில். குறும்புதான். காலையில் பார்த்த ரொமேரோவுக்கு அதன் மதிப்பு உடனே புரிந்தது. அடுத்து, நிஜ மரியோவையே வைத்து சுமார் ஒரு வாரத்தில் டெமோ தயாரித்து நின்டெண்டோவுக்கு அனுப்பினார்கள்.

வேலை பிடித்திருந்தது. ஆனால் தன் கேம்களைத் தன் பெட்டிக்கு வெளியே விட நின்டெண்டோவுக்கு மனசில்லை. கதை முடிந்தது.

நுட்பம் மட்டும் வீணாகவில்லை. 1990 டிசம்பர் 14-ல் ‘கமாண்டர் கீன்’ அதே நுட்பத்தில் வெளியானது. 1991-ல் ஐடி சாஃப்ட்வேர், 1993-ல் ‘டூம்’.

சாம்பிள் என்ன ஆனது?

2015-ல் ரொமேரோ அதன் வீடியோவை வெளியிட்டார். உலகம் பார்த்தது அவ்வளவுதான். 2021-ல்தான், அதன் உருவாக்கத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு டெவலப்பரிடமிருந்து ஃப்ளாப்பி அருங்காட்சியகத்துக்கு வந்தது. ஃப்ளாப்பியில் இருப்பது காந்தப் பதிவு. வருஷம் போகப் போக மங்கும். அதனால் முதல் வேலையே அதை நகலெடுப்பது. வீடியோவில் காட்டியதை மட்டுமே பார்க்கலாம். டிஸ்க் இருந்தால் எங்கே சீராக ஓடுது, எங்கே தடுக்குதுன்னு ஓட்டியே பார்க்கலாம். மரியோவின் உரிமை நின்டெண்டோவிடம் இருப்பதால், பத்திரப்படுத்துவது வேறு, டவுன்லோடுக்குக் கொடுப்பது வேறு.

வெளியான கேம்களின் கதியே மோசம். அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் சொன்னது. வெளிவராதவை அந்தக் கணக்கிலேயே வராது.

இங்கே?

புத்தகம் போட்டால் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும் என்கிறது 1954-ம் ஆண்டுச் சட்டம். சினிமாவுக்கு 1964 முதல் புனேயில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. கேமுக்கு அந்த மாதிரி ஏற்பாடு இல்லை. ஓசூர் எல்லை தாண்டினால் பெங்களூரு. அங்கே 1997-ல் தொடங்கிய துருவா இன்டராக்டிவை 2019-ல் ராக்ஸ்டார் வாங்கியது. இப்படி ஸ்டூடியோக்கள் கைமாறும்போது, பாதியில் நின்ற புரோட்டோடைப்களும் சர்வரோடு சேர்ந்தே போகும். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஊழியர் ஒரு காப்பி எடுத்து வைத்தால் அது விதிமீறல். ஆக, கேமைக் காப்பாற்றும் உரிமை அதை ரத்து செய்த கம்பெனியிடம் மட்டுமே இருக்கிறது.