ஒன்பதுக்குள் அடங்கும் இரண்டு மெட்டு

இரண்டு மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடினால் 'ராஜா மேஜிக்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மலேசியாவின் கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை தோட்டத்துத் திருவிழா மேடைகளில் கீபோர்டு வாசிக்கிற பிள்ளைகளிடமும் இதே நம்பிக்கைதான்: இப்படி மெட்டோடு மெட்டு இணைக்கும் கவுண்டர்பாயிண்ட் பிறவியிலேயே வர வேண்டும், மீறிப் படித்தாலும் அது வெள்ளைக்காரன் சங்கதி, ராகத்தைக் கெடுத்துவிடும். பக்கத்தில் முழங்கும் உறுமியைப் பற்றி யாரும் இப்படிப் பேசுவதில்லை. வளைகுச்சியால் தோலைத் தேய்த்து அந்த உறுமலை வரவழைக்கக் கை பழக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மெட்டு எழுதுவது மட்டும் எப்படி வரமாகிப்போனது? இளையராஜாவே தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசை படித்தவர். 1978இல் வந்த 'சிட்டுக்குருவி' படத்தின் 'என் கண்மணி' பாட்டில் குரல் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடுவது அந்தப் படிப்பின் விளைச்சல்.

மேல் மெட்டும் கீழ் மெட்டும் இடம் மாறினாலும் கெடாதபடி எழுதுவதுதான் இதில் கடினமான பாடம். அதன் சூட்சுமம் ஒன்பது என்ற எண். கீழே ச, மேலே க என்றால் எண்ணிக்கையில் மூன்று. அந்த ச-வை ஒரு ஸ்தாயி உயர்த்தி க-வுக்கு மேலே வைத்தால் ஆறு; கூட்டினால் ஒன்பது. இரண்டுமே காதுக்கு இனிமை. ச-வுக்கு மேல் ப என்றால் ஐந்து, புரட்டினால் நான்கு. அடியில் தாங்க ஆளில்லாத இரண்டே குரலில் அந்த நான்கு அந்தரத்தில் நிற்கும். ஆகவே ஐந்தை முன்கூட்டியே அபஸ்வரமாகப் பாவித்து, கடந்துபோகும் சுரமாக வைத்துத் தீர்த்துவிட வேண்டும். மேற்கத்திய இசையமைப்பாளர் பாக் 1723இல் தொகுத்த இரண்டு குரல் இன்வென்ஷன்கள், கற்க விரும்புவோருக்கு என்று முகப்பிலேயே எழுதிவைத்த பாடங்கள். அருள் பெற்றவர்களுக்கு என்று அவர் எழுதவில்லை.

ராகம் கெடும் என்பவர்களுக்குப் பாதி நியாயம் உண்டு. மோகனத்து மெட்டை ஒரு ஸ்தாயி ஏற்றினால் ச ரி க ப த அப்படியே இருக்கும். ஸ்தாயிக்குப் பதிலாகப் பன்னிரண்டாம் இடத்துக்கு நகர்த்தும் வகையில்தான் வம்பு: ச ப-வாகும், க நி-யாகும், மோகனத்தில் இல்லாத நி நுழைந்து, ச காணாமல் போகும். அப்படியானால் ஸ்தாயி வகையோடு நின்றுகொள்ளலாமே! கமகம் புரளும் தோடியில் இரண்டு வரி ஓட்டுங்கள் என்றும் யாரும் கேட்கவில்லை. சுருதிப் பெட்டியில் ப-வும் மேல் ச-வும் ஓயாமல் சேர்ந்து ஒலிக்கின்றனவே, நான்கு எப்படி உறுத்தும் என்பது இதைவிட நல்ல கேள்வி. அங்கே கீழ் ச அடியில் நின்று இரண்டையும் தாங்குகிறது. மேடையில் சுருதி ஓடிக்கொண்டிருந்தால் ஐந்தின் மீதான கட்டுப்பாடு பெருமளவு தளர்ந்துவிடும். ஐரோப்பிய மாணவனுக்குக் கிடைக்காத சலுகை ஈஜோக் பிள்ளைக்குக் கிடைக்கிறது.